திமிசு போட்ட கீரைத் தட்டு

மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டது இரண்டாம் வகுப்பில். அப்புறம் அவர் கட்டிய வீடுகளில் ஒன்று விரிசல் விட்டது என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறார். அப்படிப்பட்டவர் வயதாகிவிட்டதென்று சும்மா உட்காருவாரா? மாடி அறையில் அடுக்கடுக்காய் இரும்புச் சட்டம் நிறுத்தி, ஊதா விளக்கு மாட்டி, தண்ணீர் சுற்ற ஒரு மோட்டாரும் வைத்து, மண்ணே இல்லாமல் கீரை வளர்க்க இறங்கிவிட்டார்.

அந்த அறைமேல், வீட்டோடு தங்கிவிட்ட மனைவியின் தம்பிக்கு ஒரு கண். சோபாவில் படுத்தே முதுகு வளைந்துவிட்டதாம்.

"மாமா, ஆளுக்கொரு தட்டு. என் தட்டு நல்லா வந்தா ரூம் எனக்கு."

"நீயா? சரி மாப்ள, வாக்குன்னா வாக்கு!"

வேர் பிடிக்க மண்ணுக்குப் பதில் எதைப் போடுவது? ஸ்பாஞ்சைக் காட்டினான் கடைக்காரன். "பாத்திரம் தேய்க்கவா வந்தேன்?" என்றார் மேஸ்திரி. சுட்ட களிமண் உருண்டையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். பொடி விதையெல்லாம் சந்து வழியே அடியில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் தேங்காய் நார்த்தூள். தண்ணீரைப் பிடிக்கும், காற்றையும் விடும் என்றான் கடைக்காரன்.

காற்றா? அஸ்திவாரத்தில் காற்று இருந்தால் கட்டடம் என்னத்துக்கு ஆகும்? தரைக்குத் திமிசு போடுகிற மாதிரி கட்டையால் குத்திக் குத்தி இறுக்கினார். மச்சான் ஒரு கையில் போனோடு தன் தட்டில் தூளை அள்ளிக் கொட்டினான்.

"குத்தலையா மாப்ள?"

"கை வலிக்கும் மாமா."

பத்துப் பதினைந்து நாளில் மச்சான் தட்டு பச்சைக் கம்பளம். மேஸ்திரி தட்டில் தண்ணீர் தேங்கி, நாற்று மஞ்சளாகித் தலை தொங்கிக் கிடந்தது. மனைவி விரலால் குத்திப் பார்த்தாள்.

"ஏங்க, விரலே இறங்கல. வேர் எங்கங்க இறங்கும்?"

மேஸ்திரியின் வாக்கும் விரிசல் விடாது.

"ரூம் உனக்குத்தான் மாப்ள. ஆனா அடுக்கு அங்கதான் இருக்கும். எல்லாத் தட்டையும் இனிமே நீதான் நிரப்பணும்."

மறுநாள் காலை மச்சான் பழைய சோபாவில் கிடந்தான். "விளக்கு மூஞ்சிலயே அடிக்குது மாமா. மோட்டார் வேற கொடகொடன்னு..."

இப்போது கீரையைப் பார்த்து அசந்துபோகிறவர்களிடம் மேஸ்திரி மீசையை நீவிக்கொண்டு சொல்கிறார்:

"நார்த்தூள இறுக்கவே கூடாது. சோம்பேறிக் கையால போடணும். அதுக்குன்னே ஒரு ஆள வீட்டோட வச்சிருக்கேன்ல!"