சண்முகவேல் அண்ணை இறுக்காத போல்ட்டுகள்

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஹேவாஹெட்டவிலிருந்து சாந்தி பேசினாள். "மாமா, அப்பா விடியக்காலையில போயிட்டாங்க. அம்மா மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லச் சொன்னாங்க." வெளியே வந்து, கையைத் துடைக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாந்தியின் தந்தை சண்முகவேல் அவர்களை, கண்டிப் பக்கம் மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டியவர்கள் பலரும் அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தமிழர்களுக்கு எதிரான எண்பத்து மூன்று கலவரத்தில், வண்டிகள் பழுதுபார்க்க அவர் வேலைக்கு நின்ற கராஜ் எரிந்தது. வேலைச் சாமான்கள் வைத்திருந்த தகரப் பெட்டியும் அதோடு போனது. தேயிலைக்குள் புகுந்து நடந்தே வீடு சேர்ந்தாராம். பின்னர் தலாத்துஓயாவில் ஒரு சிங்கள முதலாளியின் கராஜில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் குண்டு விழத் தொடங்கியபின் கண்டியிலிருந்த சித்தப்பாவிடம் வந்த நானும், அங்கேதான் வேலைக்குப் போனேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் "அண்ணை" என்பேன், அவர் "தம்பி" என்பார். என் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எனக்கும் முதல் சில வாரங்கள் பாதிதான் விளங்கியது.

அந்தக் காலத்தில் புதுவகை ஜீப்புகள் வரத் தொடங்கியிருந்தன. முன்சக்கரங்களை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைகளின் முனையில் புஷ் எனும் ரப்பர் உருளை இருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, புஷ்ஷை மாற்றி, சக்கரம் தொங்கிய நிலையிலேயே போல்ட்டை இறுக்கி அனுப்பினோம். கொஞ்ச நாளில் ரப்பர் கிழிந்து, வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பி வந்தது. கையேட்டை நான் வாசித்துச் சொன்னேன். அவர் கீழே படுத்து, இரும்புக் கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொங்கும்போது இறுக்குனா ரப்பரு அந்த வாக்குலயே பிடிச்சிக்கிது தம்பி. கீழ எறக்குனதும் முறுக்கிக் கிழியிது. வண்டி தன் கால்ல நிக்கட்டும், அப்புறம் இறுக்குவோம்" என்றார். அன்றிலிருந்து, வண்டியை நிலத்தில் இறக்கி, ஆட்டிவிட்டு, பாரம் சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே, இறுக்கத்தின் அளவைக் காட்டும் அளவுச் சாவியால் இறுக்கினோம். இறுக்கியதும் நட்டின்மேலும் சட்டத்தின்மேலும் சேர்த்து வெள்ளை வர்ணத்தில் ஒரு கோடு போடுவோம். நட்டு இளகினால் கோடு பிரிந்து காட்டும்.

யுத்தம் கடுமையாகியிருந்த ஒரு மழைக்காலத்தில், அரச அலுவலகமொன்றின் ஜீப்புக்கு அந்த வேலையைச் செய்தேன். புஷ் மாற்றியதும் போல்ட் இறுக்கியதும் நான்தான். அண்ணை அன்று ஒரு லொறி வேலையில் நின்றார். சில நாட்களில் அந்த ஜீப் வளைவொன்றில் பள்ளத்துக்குள் போனது. உள்ளே இருந்த அதிகாரி இறந்தார். தமிழன் போல்ட்டைத் தளர்த்திவிட்டான் என்ற பேச்சு ஊரில் உடனே எழுந்தது.

சிவில் உடையில் பொலிஸ் ஆட்கள் கராஜுக்கு வந்தபோது, நான் உதிரிப்பாகம் வாங்க நாவலப்பிட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் முதலாளி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். போல்ட்டை இறுக்கியது யார் என்று கேட்டார்களாம். லொறிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த சண்முகவேல், "நான்தான்" என்றாராம். அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பார்வதி அக்கா அடுப்படியில் இருந்தார்.

"அக்கா, நான் போய்ச் சொல்லப்போறன். இறுக்கினது நான்."

"போனா என்னா ஆகும்? பொய் சொன்னாருன்னு அவர இன்னும் அடிப்பாங்க. ஒங்களையும் அடிப்பாங்க. ரெண்டு பேரும் இல்லாம நான் யாருகிட்ட போயி நிக்கிறது?" என்றார். அழவில்லை. பிறகு, "சாப்பிட்டுப் போங்க" என்றார்.

முதலாளி நொறுங்கிய ஜீப்பைத் தேடிப்போய்ப் பார்த்தார். வெள்ளைக் கோடுகள் ஒன்றும் பிரிந்திருக்கவில்லை. கால் முறிந்து கிடந்த சாரதியும், மழையில் பாதையோரம் சரிந்ததாகவே சொன்னார். முதலாளி போய்ச் சொல்ல, பொலிஸார் இரண்டையும் கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் அண்ணை அடுத்த மழைக்காலத்தில்தான் வீடு வந்தார்.

மீண்டும் வேலைக்கு வந்த முதல் நாள் அளவுச் சாவியை எடுத்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. சாவி சீமெந்துத் தரையில் விழுந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். இடது கையால் அதைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். "நீங்க இறுக்குங்க தம்பி. நான் கோடு போடுறேன்."

அன்று மாலை, நான்தான் என்று அவர்களிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒங்க ஐடென்டி கார்டுல யாழ்ப்பாணம்னு இருக்கு. என்னோடதுல ஹேவாஹெட்ட. என்னைய அடிச்சிட்டு விட்டுருவாங்க. ஒங்கள புலின்னு சொல்லி விடமாட்டாங்க" என்றார். பிறகு அதைப் பற்றி என்னைப் பேச விட்டதில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. குடிக்கத் தொடங்கினார். வீட்டில் சட்டி பானை உடைந்த நாட்களும், பிள்ளைகள் அடுத்த வீட்டில் படுத்த நாட்களும் உண்டு. இதை எழுதலாமா என்று பார்வதி அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க. அதுவும் அவங்க அடிச்ச அடியில வந்ததுதானே" என்றார். யுத்தம் முடிந்த பிறகும், வாசலில் ஏதாவது வண்டி நின்றால் அண்ணை சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். கடைசி இரண்டு வருடங்கள் நெஞ்சுச் சளியோடு படுக்கையில் கழிந்தன.

செத்த வீட்டுக்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மழை விடவில்லை. பிரேதத்தை எடுக்குமுன், வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஒதுங்கி நின்றோம். பார்வதி அக்கா எங்களைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

என் மகள் தயங்கினாள். "அப்பா, இவர் எங்களுக்கு என்ன முறை?"

"பெரியப்பா எண்டு சொல்லு."

அவள் அரிசியை அள்ளிப் போட்டாள். பின்னால் என் மகன் போட்டான். மடங்காத அந்த வலது கையை யாரோ நெஞ்சின்மேல் எடுத்து வைத்தார்கள்.

அண்ணை, நான் கலியாணம் செய்ததும் இந்த இரண்டு பேரும் பிறந்ததும், அன்றைக்கு நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான். நீங்கள் என்னைச் சொல்ல விடாததை இப்போது சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.