கைகிழிச்சானுக்கு இரண்டு சாட்சி

அகராதி ஆபீஸ்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது, மீன்களிடமே பெயர் கேட்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. விசாரித்தேன். பாதி புளுகு. அவர் கேட்டது மீன்களிடம் அல்ல, மீன்காரிகளிடம்.

இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுகிற மனிதர். அவரைக் கவிழ்த்தது 'பெர்ச்'. பறவை உட்காரும் கொம்பு, அதில் போய் உட்கார்வது, நிலத்தை அளக்கும் பழைய அளவு, யாராலும் அசைக்க முடியாத உயர்ந்த இடம்; நான்கையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். கடைசியதற்கு உதாரணம் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை, பதிப்பாசிரியரின் அறை எதிரேதான். ஐந்தாவது பொருள், முதுகில் முள் விறைத்து நிற்கும் ஒரு மீன். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஆபீஸ் விதி அப்படி. அகராதியில் ஏறும் தமிழ்ச்சொல்லை இரண்டு பேராவது தாமாகப் பேசியிருக்க வேண்டும். பேசியதை அட்டையில் எழுதிக் கையெழுத்தும் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பக்கம் அச்சுக்குப் போகாவிட்டால் திங்கள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வயது ஐம்பத்து நான்கு. வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. வேறு வேலையும் தெரியாது.

வியாழனன்று முதல் கடைக்காரி படத்தைப் பார்த்ததுமே "கைகிழிச்சான்" என்றாள். மற்ற கடைகளில் மீனை மீன் என்றார்கள். வெள்ளி காலை, பயத்தில் மைத்துனரைப் பிடித்து உருப்போட வைத்துக் கையெழுத்து வாங்கினார். பதிப்பாசிரியர் மைத்துனருக்கே ஃபோன் போட்டார்.

"மாமா என்னமோ சொல்லிக்குடுத்தாரு சார், மறந்துபோச்சு. இருங்க, அவர்கிட்டயே கேட்டுச் சொல்றேன்."

நாலு மணிக்கு மறுபடி சந்தை. பாக்கி இருந்தவள் எதிர்க்கடைக்காரி ஒருத்திதான். முதல் கடைக்காரியோடு அவளுக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அம்மா இதற்கு ஒரு பேர் சொன்னாங்க என்று படத்தை நீட்டினார்.

"கைகிழிச்சான்னாளா? எங்கம்மா வெச்ச பேருய்யா அது. எங்க கடையில நின்னு கத்துக்கிட்டா."

அவர் அட்டையை எடுத்தார்; எழுத வரவில்லை, அழுகைதான் வந்தது. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அந்த மீனிலேயே ஒன்றைத் தன் சோற்றுப் பாத்திரத்தில் போட்டு நீட்டினாள்.

"கொண்டுபோய்க் காட்டு. பாத்திரம் காலைல வந்துடணும்."

ஐந்துக்கு நாலு நிமிடம். பதிப்பாசிரியர் அட்டையைப் படித்தார், மூடியைத் திறந்து பார்த்தார், பக்கத்தில் கையெழுத்திட்டார். வேலை மூன்று மாதம் நீண்டது. மீன் பாத்திரத்தோடு பதிப்பாசிரியர் வீட்டுக்குப் போனது.

மூன்று வாரமாகிறது. நம்மவர் சந்தையைச் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாக ஆபீஸ் போகிறார். மீன் நன்றாக இருந்ததா என்று ஐயாவிடம் கேட்கவே பத்து நாள் ஆனது. பாத்திரத்தைக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.