கணக்கில் விட்டுப்போன ஒரு முழப் பாறை

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கிக் கிடப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லேசில் வராது. ஒரு கிணற்றில் வாயுவை அழுத்திச் செலுத்தினால், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கிணற்றுக்குப் போகும். போகும் வழியையும் வேகத்தையும் முன்கூட்டியே கணக்கிடுவது என் வேலை. வாழவந்தி நாடு என்னும் எங்கள் ஊரில், அண்ணன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கண்ணால் காணாத அந்தப் பாறையைக் கணினியில் கட்டம் கட்டமாக அடுக்குகிறேன்.

போன தையில், நான் சொன்ன காலத்துக்கு வெகு முன்பே எண்ணெய்க் கிணற்றில் வாயு வந்துவிட்டது. என் கணக்கு தப்பாது என்ற திமிர் எனக்கு. கிணற்றைச் சுற்றிய சிமெண்ட் பழுதாகி வாயு கசிகிறது என்று அறிக்கை அனுப்பினேன். அதை நம்பி, கிணற்றை ஒரேயடியாக மூட முடிவு செய்தார்கள்.

அந்த வாரம் அண்ணன் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், எலிக்குப் புகை போட்டார். கண்ணில் பட்ட வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, வைக்கோல் புகையும் பானையை ஒரு வளையில் கவிழ்த்து ஊதினார். புகை எங்கும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், காட்டுக்கு அந்தப் பக்கம், கல் வரப்பின் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று கிளம்பியது.

“ஏங்கண்ணு, உன்ற கம்ப்யூட்டரு இதச் சொல்லியிருக்குமா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினி வேகமாக ஓடட்டும் என்று, ஒரு முழமே கனமுள்ள ஒரு படுகையை, அதாவது பாறை அடுக்கை, பக்கத்துப் பாறையோடு சேர்த்துச் சராசரி போட்டிருந்தேன். மற்றதைவிடத் துளைகள் பெரிய படுகை அது. வாயுவும் அந்தப் புகைபோல அதற்குள்ளேதான் பாய்ந்து போயிருக்க வேண்டும்.

மாடிக்கு ஓடினேன். அதைத் தனியாகப் பிரித்துக் கணக்கை மறுபடி ஓடவிட்டேன். மறுநாள் மதியம்தான் முடிந்தது. கிணற்றில் அளந்து வரைபடத்தில் வைத்த புள்ளிகள்மேல் என் கோடு அப்படியே போய் உட்கார்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு மனிதனும் போகாத ஆழத்தில், அந்த இருட்டில், வாயு ஓடிய ஓட்டத்தை நாலைந்து சமன்பாடுகள் சொல்கின்றனவே! நான்தான் காது கொடுக்கவில்லை.

மேலதிகாரியை போனில் பிடித்தேன்.

“கெணத்த மூட லாரி கெளம்பிடுச்சுங்களே” என்றார்.

“திருப்பச் சொல்லுங்க சார். கெணத்துல ஒரு கொறையும் இல்லீங்க. அந்த ஒரு படுகைய மட்டும் அடைச்சாப் போதும். தப்பு என்னோட கணக்குலதானுங்க.”

சொல்லும்போதே, புள்ளிகள்மேல் அப்படியே உட்கார்ந்திருந்த அந்தக் கோடு திரையில் மறுபடி கண்ணில் பட, அழுதுவிட்டேன்.

“அட, தப்பு எல்லாருக்கும் வாரதுதானுங்க. அழுவாதீங்க, திருப்பச் சொல்றேன்” என்றார்.

நான் வெட்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.