பதினேழாம் நம்பர் ராணுவ லாரி

செருப்பைக் கழற்றி டயர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் என் தம்பி தனக்கோடி லாரியில் ஏறுவான். வெறுங்காலால் கிளட்சை மெல்ல அமுக்கி, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "சார், கெளம்பலாமா?" என்பான். முதல் இருமலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டால் அன்று முழுவதும் சிரித்த முகம். பிடிக்காவிட்டாலும் கோபம் கிடையாது. "சாருக்கு இன்னிக்கி மூடு இல்லக்கா. ஒரு காபி குடிச்சினு வர்றேன்" என்று இறங்கிவிடுவான்.

சார் என்பது அந்த லாரிதான். ராணுவத்தில் ஓடி ஓய்ந்து, ஏலத்தில் வந்த, ஒரு டன் சுமக்கும் வண்டி. என் தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. லாரி அவனைவிட மூத்தது. "மலை மேல சோல்ஜருங்களுக்கு அரிசி தூக்கினு போனவரு. அவரப் போயி வா போன்னு சொல்ல முடியுமா?" என்பான். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட, தோழனைக் கூப்பிடுவதுபோல "வா குரு" என்று கூப்பிட்டவன் அவன்.

லிங்கராஜபுரத்தில் ரயில் பாதைச் சுவரை ஒட்டி அவனுடைய ஒர்க்‌ஷாப். லாரியைக் கட்டி இழுத்துவந்த அன்று தெருவே கூடிச் சிரித்தது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பின்பக்கப் பலகை இடுக்கில் ஆமணக்குச் செடி முளைத்திருந்தது. மற்றவர்களுடைய வண்டி வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில்தான் இதைத் தொடுவான். அப்படியே நான்கு வருடம் போயிற்று. பெட்ரோலைக் குடித்த பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினான். ஸ்டியரிங்கைத் திருப்ப முன்பு இரண்டு ஆள் பலம் வேண்டும். இப்போது நானே ஒரு கையால் திருப்புகிறேன். பிரேக் புதிது. வண்டி உருண்டாலும் தலை தப்ப உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பிறகு அதன் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பான். கோடு முறிந்திருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்து, ஒரு கோடு விடாமல் பார்த்த பிறகுதான் இட்லி.

இவ்வளவு மாற்றியும் வெளியே ஒன்றும் தெரியாது. முகப்பில் கலர் விளக்கு வைக்கச் சொன்ன ஒருவரிடம், "சாருக்கு முட்டிதான் மாத்தியிருக்கோம், மூஞ்சிய இல்ல" என்றான். பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டைக்கு ராணுவத்தில் வெள்ளை அடித்திருந்தார்கள். இருட்டில் முகப்பு விளக்கில்லாமல் வரிசையாகப் போகும்போது, பின்னால் வரும் டிரைவர் அதைப் பார்த்துத்தான் ஓட்டுவாராம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தம்பி அதற்குப் புது வெள்ளை அடிக்கிறான்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. யார் கூப்பிட்டாலும் போய்விடுவான். அவனுடைய நிச்சயதார்த்தத்தன்றுகூட, வழியில் நின்றுபோன யாரோ ஒருவரின் ஆட்டோவைக் கிளப்பிவிட்டு, பட்டுச் சட்டையில் கிரீஸோடு வந்து நின்றான். கேட்டால், "கூப்டாங்கக்கா" என்றான். அவ்வளவுதான் விளக்கம்.

இந்தக் குணத்தால்தான் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. ஜீப்பில் காடு மேடு ஏறிப் பழகுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. நடத்துகிறவர் எங்கள் தெரு க்ளென். தம்பியோடு ஒன்றாகப் படித்தவர். சேற்றில் மாட்டும் வண்டிகளை இழுக்க லாரியோடு தம்பி போவான். "நாள் பூரா மத்தவன் வண்டியோட பின்னாடியையே பாத்துட்டு வர்றேன்கா. போட்டோ போடுவானுங்க. அதுல என் கயிறு மட்டும் இருக்கும்" என்று சிரிப்பான்.

கிளப்பின் இந்த வருடப் போட்டிக்கு முன்னால், ஒர்க்‌ஷாப்புக்கு வந்த க்ளெனிடம் அவன், தானும் நம்பர் ஒட்டிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னான்.

"நீயா? அப்ப எவன்டா இழுப்பான்?"

"டிராக்டர் வை மச்சா."

"டேய் தனா, ரூல் தெரியும்ல? நடுவுல கயிறு கட்டினா, இழுத்தவனும் அவுட்டு, மாட்னவனும் அவுட்டு. எவனாவது அண்ணான்னு கத்துவான், நீ எறங்கிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

தம்பி சுத்தமாக இருந்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். க்ளென் அரைமனதாகச் சம்மதித்துவிட்டுப் போன பிறகு என்னிடம் சொன்னான்: "ஒரே ஒரு வாட்டி சார் முழு ரூட்டும் போயி முடிக்கணும்கா. செஞ்சது நான்தான். ஆனா அவரு என்னென்ன ஏறுவாருன்னு எனக்கே இன்னும் தெரியாது."

வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. அவன் மனைவி வேதநாயகி, "என் இடுப்பு கழண்டுடும். உங்க அக்காவ கூட்டினு போங்க" என்று தப்பித்துக்கொண்டாள்.

கனகபுரா பக்கம் ஒரு பழைய கல்குவாரி. முந்தின இரவு நல்ல மழை. கதவில் பதினேழு என்ற நம்பரோடு கிளம்பினோம். பாறைப் படிகளில் லாரி யானை மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. ஓடையில் பம்பர்வரை தண்ணீர். எஞ்சின் சத்தம் மாறவேயில்லை. "பாத்தியாக்கா? பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் முன்கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை, ஆனால் பார்த்தேன்.

கடைசியில் ஒரு சேற்றுப் பள்ளம். அதைத் தாண்டினால் மேட்டில் முடிவுக் கொடி. பள்ளத்துக்குள் ஒரு சிவப்பு ஜீப் மூக்கைப் புதைத்து நின்றது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஷ்ரேயாஸ் முழங்கால் சேற்றில், கையில் கயிற்றுக் கொக்கியோடு நின்றான். தம்பி எத்தனையோ முறை இழுத்துவிட்ட பையன்.

"அண்ணா! பந்துட்டீங்களா! ஹக்க ஹாகி அண்ணா, கயிறு ரெடி!" என்று கன்னடமும் தமிழும் கலந்து, கயிற்றைக் கட்டச் சொல்லிக் கத்தினான்.

லாரி நின்றது. தம்பியின் வலது கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. கதவும் ஒரு விரல்கடை திறந்தது.

"மேல டிராக்டர் நிக்கிது ஷ்ரேயாஸ். விசில் அடி, வந்துரும்."

"அய்யோ, ரெண்டே நிமிஷம் அண்ணா! உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"இன்னிக்கி நான் வேலைக்கி வரல, குரு."

கதவைச் சாத்தினான். கியர் விழுந்தது. ஜீப்புக்கும் கரைக்கும் நடுவே இருந்த சரிவில் லாரி ஒருக்களித்து நுழைந்தது. என் பக்கம் வானம் மட்டும்தான் தெரிந்தது. சக்கரங்கள் ஒருமுறை வழுக்கின, சேற்றை வாரி இறைத்தன, பிறகு கெட்டியான மண்ணைப் பிடித்தன. மேடு ஏறத் தொடங்கினோம்.

"அண்ணா! அண்ணா!" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் தம்பியின் கண் கதவுக்கு வெளியே இருந்த கண்ணாடிக்குப் போய், அதில் சின்னதாகிக்கொண்டே வந்த பையனைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மூன்றாவது குரலுக்கு அவன் கையை வெளியே நீட்டி, அந்தக் கண்ணாடியைக் கதவோடு கதவாக மடக்கிவிட்டான்.