அண்ணா பூட்டிய எஞ்சினும் நான் கேட்ட மூன்றாவது சுற்றும்

எங்கள் அண்ணா கண்மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அவர் எப்படிப் போனார் என்பதை ஏற்கெனவே ஒரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "பெரிய எஞ்சின் போட்டு ஆட்டம் போட்டவர், வேற என்ன நடக்கும்" என்று செத்தவீட்டு வாசலிலேயே ஒருவர் சொன்னார். அது என் காதில் விழுந்தது. கையில் கட்டுடன் பேசாமல் நின்றேன். ஏன் பேசவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு இறந்துவிட்டதால் படிப்பை விட்டுவிட்டு பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பும் அக்காவின் கலியாணமும் அவருடைய உழைப்பில் நடந்தவை. ஊருக்குள் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் கார்களை ஓடப்பண்ணியவர்களில் அவரும் ஒருவர். நள்ளிரவில் பிரசவ வலி என்று வந்து கேட்டாலும், வெறும் சந்தைக்குப் போக என்று கேட்டாலும் அவருக்கு ஒன்றுதான். ஏலாது என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அதை நாங்கள் எல்லோரும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணியோடு ஆக்லாந்துக்கு வந்தார். நான் முன்பே வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்தேன். டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்தவருக்கு இங்கே பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது. ஊரில் எடுத்த வேலைச் சான்றுக் கடிதங்களை எந்த வேர்க்ஷொப்பும் மதிக்கவில்லை. மூன்று வருடம் அடுக்கினார், முறைப்பாடு சொல்லவில்லை. கடைசியில் ஒரு வேர்க்ஷொப் முதலாளி, பழைய கார் ஒன்றுக்குப் பெரிய எஞ்சின் மாற்றிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வா, வேலை தருகிறேன் என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அண்ணா அதை முழுதாக எடுத்துக்கொண்டார்.

ஆக்லாந்தின் மேற்கே மாசி என்ற புறநகரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கராஜுக்கு, எழுபதுகளில் ஆஸ்திரேலியாவில் செய்த இரண்டு கதவுக் கார் ஒன்று வந்து சேர்ந்தது. நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர். அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டுவது திட்டம். அண்ணாவோடு பிஸ்கட் பெட்டி அடுக்கிய, பிஜியில் பிறந்த கோவிந்தன் தன் செயின் புளொக்கைக் கொண்டுவந்து எஞ்சினைத் தூக்கி இறக்கினார். எஞ்சினைத் தாங்கும் இரும்புத் துண்டுகளை அண்ணா தானே செய்தார். முதலில் காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டி அட்டையில் அளவாக வெட்டி, பொருத்திப் பார்த்து, பிறகுதான் இரும்பை வெட்டினார். வீட்டில் ஒரு சீரியல் பெட்டிகூட முழுதாக இல்லை என்று அண்ணி ஏசினார். அந்த எட்டு மாதமும் அண்ணா பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார். அதற்குமுன் இந்த நாட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

இப்படி மாற்றிய காரை அதற்கென்று உள்ள பரிசோதகர் பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். அவர் வந்து பார்த்தார். எஞ்சின் வேலையில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் பாரமும் வேகமும் கூடியதால் முன்சில்லுப் பிரேக்கைப் பெரிதாக மாற்றாமல் றோட்டில் ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அண்ணா அன்றே புதுப் பிரேக்குக்குச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

உங்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்கு இங்கே நாள் நேரம் பார்த்துச் சொல்கிறவன் நான்தான். கொழும்பிலிருந்து மாமி வருடாவருடம் அனுப்பும் வாக்கிய பஞ்சாங்கம் என்னிடம் இருந்தது. அதில் அந்த ஞாயிறு காலை ஒன்பதே முக்காலிலிருந்து பத்தே காலுக்குள் வெள்ளோட்டத்துக்கு நேரம் கண்டேன். அடுத்த ஒரு மாதத்துக்கு வேறு நல்ல நாள் இல்லை. தேசிக்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு மாசிக்குப் போனேன்.

"பிரேக் நாளைக்குத்தானே வருது. பூட்டிப்போட்டு எடுப்பம்," என்றார் அண்ணா.

"நேரம் போயிடும் அண்ணா. உந்தத் தெருவைத்தானே சுத்தப் போறம். எடுங்கோ."

அவர் குனிந்து முன்சில்லை ஒருதரம் பார்த்தார். பிறகு, "சரி, ஏறு," என்றார். சில்லுகளுக்கு அடியில் வைத்த தேசிக்காய்கள் நசிந்தன. அண்ணி வாசலில் நின்று கும்பிட்டார்.

மாசியில் அந்தத் தெரு ஒரு சரிவு. மேலே ஏறி, சுற்றி, நீளமாக இறங்கி வரவேண்டும். முதல் சுற்றில் அண்ணா சிரித்தார். இரண்டாவதில் இறங்கும்போது முகம் மாறியது.

"பிரேக் கருகி மணக்குது. காணும், நிப்பாட்டுவம்."

"ரெண்டில நிப்பாட்டக்கூடாது அண்ணா. ஒற்றையிலதான் முடிக்கவேணும். இன்னும் ஒண்டு."

அவர் கியரை மாற்றினார். மறுபடி ஏற்றினார். இறங்கும்போது மிதித்த மிதிக்குப் பிரேக் பிடிக்காமல் தரைவரை போயிற்று. கீழே டெயறி என்னும் மூலைக்கடைக்கு முன்னால் ஒரு தாய் தன் பிள்ளையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தார். "பிடிச்சுக்கொள்," என்றார் அண்ணா. காரைத் திருப்பித் தன் பக்கத்தை மின்கம்பத்துக்குக் கொடுத்தார். எனக்குக் கை மட்டும் முறிந்தது. அந்தத் தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

பிறகு பொலிசார் காரைச் சோதித்தபோது முன்பு பார்த்த பரிசோதகரும் வந்திருந்தார். அந்த அடியிலும் எஞ்சின் இருந்த இடத்தை விட்டு ஒரு நூல்கூட அசையவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அண்ணா கேட்ட சான்றிதழ் என்று நான் அதைத்தான் நினைக்கிறேன்.

இவ்வளவும் நடந்தும் ஒரு வருடம் என்னை நான் ஒருவிதமாகச் சமாதானம் செய்துகொண்டேன். நேரம் நல்ல நேரம், விதிதான் இப்படி என்று. போன மாதம் திவசத் திதி குறிக்கக் குருக்களிடம் பஞ்சாங்கத்தை நீட்டினேன். அவர் கேட்டார்: "தம்பி, இது யாழ்ப்பாணத்து நேரமெல்லோ. இஞ்சத்தைக்கு ஆறரை மணித்தியாலம் கூட்டிப் பாத்தனீங்களோ?"

நான் கூட்டவில்லை. ஒருநாளும் கூட்டியதில்லை. நான் அவசரப்படுத்திய அந்த நேரம் இங்கே மாலை நாலேகாலுக்குத்தான் தொடங்குகிறது. இல்லாத ஒரு நேரத்துக்காக அண்ணாவைக் காரில் ஏற்றினேன். என்னிடம் நாள் கேட்டுக் காரியம் செய்தவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். இனிக் குருக்களிடம் கேளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கமுன் இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "அவருக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி." எழும்பிப் போகும்போது திரும்பி, "ஒண்டையும் வெட்டாமல் போடுங்கோ. எஞ்சினை நல்லாத்தான் பூட்டினவர் எண்டு எல்லாரும் வாசிக்கட்டும்," என்றார்.

விபத்தன்று ஓடிவந்து கதவை வெட்டித் திறந்த தீயணைப்பு வீரர்களுக்கும், டெயறிக்காரருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் முறைவைத்து வந்து தங்கிய மவுண்ட் ரோஸ்கில் குடும்பங்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை வந்து சேர்ந்த பிரேக் பெட்டியை உடைக்காமல் தன் கராஜில் வைத்திருக்கும் கோவிந்தனுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அண்ணி சொன்னதில் ஒன்று மட்டும் சரியில்லை. அண்ணாவுக்கு மறுக்கத் தெரிந்திருந்தது. இரண்டாவது சுற்றில் அவர் காணும் என்றார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் நேராக மறுத்தது அந்த ஒரு தடவைதான். நான் கேட்கவில்லை.