நோர்மா கேட்ட செவ்வாய்க்கிழமை

இங்கிலாந்தின் கீத்லி ஊரில் நோர்மா கிரீன்வுட்டைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே தலை நரைத்தவள். அந்த ஊரில் பாதிப் பேர் அவள் மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் அவளுடைய தங்கை ஏவ்ரிலைத் தெரியாமல் நோர்மாவைத் தெரியும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அம்மா ஐவிக்குப் பிறந்தது இரண்டும் பெண். நோர்மா மூத்தவள். ஊர் உலகத்தில் மூத்தவள் சட்டைதான் இளையவளுக்கு இறங்கும். இந்த வீட்டில் அது தலைகீழாகப் போயிற்று. ஏவ்ரில் அப்பா வழி அத்தை ஹில்டாவைப் போல மூங்கில் மாதிரி வளர்ந்தாள். நோர்மா அம்மாவைப் போலக் குட்டையாக நின்றுவிட்டாள். தங்கைக்குப் புதுச்சட்டை வரும், அவளுக்குச் சிறுத்துப் போனதும் அக்காவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நோர்மாவின் காதை விட்டுப் போகவே இல்லை.

பிறகு அவளுக்கு வாய்த்தவன் கம்பளி ஆலையில் ஆட்டுமயிர் சீவிய வில்ஃப். ஏவ்ரிலுக்கு வாய்த்தவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற கோர்டன். வில்ஃப் நல்லவன், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் ஆலைத் தூசி அவன் நெஞ்சில் குடியேறிவிட்டது. குளிர் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழிப்பான். கடல்காற்றுப் பக்கம் போய்விடுங்கள், இன்னொரு குளிர்காலத்தை இந்தப் புகையில் கழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏவ்ரில் மோர்கம் கடற்கரையில் இருந்தாள். மாடி இல்லாத வீடு, படி ஏற வேண்டாம், முன்னறை ஜன்னலைத் திறந்தால் கடல். கோடைக்குக் கோடை நோர்மா அங்கே ஒரு வாரம் தங்குவாள். திரும்பும்போது வயிற்றெரிச்சலையும் கூடவே கொண்டுவருவாள். இப்போது ஏவ்ரில் அதை விற்க நினைத்து, வளைகுடாவுக்கு அக்கரையில் கிரேஞ்ச் என்ற ஊரில் அதைவிடப் பெரிய வீடு பார்த்திருந்தாள். லோமாக்ஸ் என்ற வயசான பல் வைத்தியருடையது. கண்ணாடிக் கூரை போட்ட பூந்தொட்டி அறையெல்லாம் உண்டு.

“வெளியாளுக்குப் போறதுக்கு உனக்குப் போகட்டுமே நோர்மா. எங்களுக்குத்தான் அது சின்னதாப் போச்சு” என்றாள் தங்கை.

சட்டை கொடுத்தபோது அம்மா சொன்ன அதே பேச்சு. நோர்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். வில்ஃபின் நெஞ்சுக்காகத்தான்.

அந்த நாட்டில் வீடு வாங்குவது கோர்த்த மணி மாதிரி. நோர்மாவின் வீட்டைத் தாரிக் என்ற பஸ் டிரைவர் வாங்குகிறான், அவன் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி. அவன் பணம் வந்தால்தான் நோர்மா ஏவ்ரிலுக்குக் கொடுக்கலாம். அது வந்தால்தான் ஏவ்ரில் லோமாக்ஸுக்குக் கொடுக்கலாம். நாலு வீட்டுக்காரரும் ஒரே நாளில் மூட்டை கட்ட வேண்டும். அந்த நாளை எல்லாரும் ஒப்புக்கொண்டு, வக்கீல்கள் பத்திரம் மாற்றிக்கொள்ளும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

வக்கீல்கள் மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார்கள். தாரிக் சரி என்றான், லோமாக்ஸும் சரி என்றார். நோர்மாவும் சரி என்றிருப்பாள். அதற்குள் ஏவ்ரிலின் போன் வந்தது. அவள் இன்னும் கைமாறாத பத்திரத்தை நம்பி சாமான் வண்டிக்குச் சொல்லிவிட்டாள், திரைச்சீலைக்கு அளவெடுத்துத் துணியும் வெட்டியாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயில்காரர்களைப் புது வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தும் விட்டாளாம்.

“நீயும் வந்துடு. நம்ம நோர்மா பழைய வீட்டுல குடியேறிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள்.

பழைய வீடு. நோர்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். பால் பொங்கி வழிந்தது, அதைக்கூட அவள் பார்க்கவில்லை. பிறந்தது முதல் ஏவ்ரில் முன்னால் போவாள், இவள் பின்னால் காத்திருப்பாள். முதல்தடவையாக இப்போது ஏவ்ரிலின் நாள் இவள் வாயில் இருக்கிறது. இவள் சரி என்று சொல்லாமல் அந்த வண்டி நகராது. நினைக்க நினைக்க நாக்கில் தேன் ஊறியது.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போய் வெள்ளிக்கிழமை ஆகாது என்றாள். வெள்ளியில் போன குடி வெகுநாள் தங்காது என்று அம்மா ஐவி சொல்வாள், தனக்கு இரண்டு வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமைதான் வேண்டும் என்றாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த ஊரில் எல்லாரும் வெள்ளியில்தான் வீடு மாறுகிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். நோர்மா அசையவில்லை.

வில்ஃப் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: “ஏன் கண்ணு, நாம இந்த வீட்டுக்கு வந்ததே வெள்ளிக்கிழமைதானே?”

“அதான் பாக்கறேனே, என்ன சொகம் கண்டோம்னு.”

“முப்பது வருஷமாச்சு. வெகுநாள் தங்கலைன்னு யாரும் சொல்ல முடியாது.”

அவள் கேரட்டைச் சீவினாள். சேதி கேட்டுத் தாரிக் நேரிலேயே வந்துவிட்டான், கையில் ஒரு டப்பா மிட்டாயோடு.

“ஆன்ட்டி, எங்களுக்கு வெள்ளிதான் நல்ல நாளு. ஆனா உங்க அம்மா வேற மாதிரி சொன்னாங்கன்னா நான் அவங்களோட சண்டை போட முடியுமா? புள்ள பொறக்கறதுக்கு முன்னால சாவி கையில வந்தாப் போதும்.”

நோர்மாவுக்குக் கொஞ்சம் குத்தியது. மிட்டாயை வாங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையை மட்டும் விடவில்லை.

ஏவ்ரில் தினம் போன் செய்தாள். சாமான் வண்டிக்காரன் வேறு நாள் தரமாட்டேன் என்கிறானாம். கோயில்காரர்களுக்கெல்லாம் மறுபடி சொல்லியனுப்ப வேண்டுமாம். நோர்மா ஒவ்வொன்றுக்கும் அடடா என்றாள். அப்படிச் சொல்வதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. போனை வைத்ததும் பாட்டை முணுமுணுத்தபடி பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றுவாள். வில்ஃப் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தான்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்த போனில் ஏவ்ரிலின் குரல் வேறாக இருந்தது. லோமாக்ஸ் வீட்டை வேறொருவனுக்குக் கைமாற்றிவிட்டாராம். அவருக்குக் கனடாவிலிருக்கும் மகனிடம் போக வேண்டிய அவசரம். விற்க வேறு வீடு இல்லாத, இந்தக் கோர்வையில் மாட்டாத ஒருவன் முழுப்பணத்தோடு வந்து நின்றதும் அவனுக்கே கொடுத்துவிட்டார். பத்திரம் மாறாததால் யாரும் அவரைக் கேட்க முடியாது.

நோர்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏவ்ரிலுக்குப் போக வீடு இல்லை என்றால் அவள் விற்கமாட்டாள். அவள் விற்காவிட்டால் கடல் இல்லை, படி ஏறாத வீடு இல்லை. உள்ளே வில்ஃப் இருமும் சத்தம் கேட்டது. தன் கையாலேயே தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“அப்ப எல்லாம் நின்னு போச்சா?” என்றாள்.

“எதுக்கு நிக்கணும்? நீங்க செவ்வாய்க்கிழமை வாங்க. நாங்க கோர்டனோட தங்கச்சி வீட்டு மாடி ரூம்ல இருந்துக்கறோம், வேற வீடு கிடைக்கிற வரைக்கும்.”

“உனக்கென்ன பைத்தியமா? அந்த ரூம்ல உன் அலமாரி கூட நுழையாது.”

“நுழையலைன்னா வெளியில நிக்கட்டும். வில்ஃப் இன்னொரு குளிர்காலத்தை அங்க கழிக்க வேண்டாம் நோர்மா. எங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு.”

பிறகு ஏவ்ரில் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை பத்தி அம்மா சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல. உனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். அதை என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நோர்மா இன்றுவரை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்திரமெல்லாம் ஒழுங்காக முடிந்தது. தாரிக்கின் பணம் வந்த சேதி மத்தியானம் கிடைத்தது. மோர்கம் வீட்டு வாசலில் நின்று ஏவ்ரிலே சாவியைக் கொடுத்தாள். முதலில் கரித்துண்டு, ரொட்டி, உப்பு மூன்றையும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது வழக்கம். அதையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். அவள் போனபிறகு நோர்மா வீடு முழுக்க அழுக்குத் தேடினாள். திரைச்சீலைக் கம்பியின் மேல் விரலை ஓட்டினாள், அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். ஓரிடத்திலாவது ஒரு தூசி இருந்திருந்தால் அவளுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. அந்த நெடிய கடன்காரி முழங்கால் போட்டுத் தேய்த்திருந்தாள்.

கோயிலில் எல்லாரும் ஏவ்ரிலைப் பற்றித்தான் பேசினார்கள். இப்படி ஒரு தங்கை யாருக்கு வாய்ப்பாள் என்று நோர்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்கள். கண்ணாடிக் கூரை வீட்டுக்காக எரிந்த வயிறு இப்போது தங்கையின் நல்ல குணத்துக்காக எரிந்தது. வீட்டையாவது வாங்கிவிடலாம். இதை எந்த வக்கீல் மாற்றித் தருவார்?

வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தான். இருமல் குறைந்திருந்தது. “ஞாயித்துக்கிழமை அவங்களைச் சாப்பிடக் கூப்பிடு” என்றான். இவள் காது கேளாதவள்போல இருந்தாள். மறுவாரமும் சொன்னான், அதற்கு அடுத்த வாரமும் சொன்னான். கடைசியில் கூப்பிட்டாள்.

வந்தார்கள். நோர்மா மாட்டிறைச்சி வறுத்து, கூடவே முட்டை மாவில் உப்பி எழும்புகிற யார்க்‌ஷயர் புட்டிங்கும் போட்டாள். அது கோபுரம் மாதிரி எழும்பி வந்தது, அவள் வாழ்நாளில் அப்படி வந்ததே இல்லை. தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஏவ்ரில் பார்த்துவிட்டு, “அந்த அடுப்புல எப்பவுமே இப்படித்தான் நல்லா வரும்” என்றாள்.

கோர்டன் குழம்பை ஊற்றிக்கொண்டான். வில்ஃப் தலையைத் தூக்காமல் முள்கரண்டியைத் துடைத்தான். நோர்மாவின் முகம் அடுப்பைவிடச் சிவந்தது. இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, ஏவ்ரிலின் தட்டில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள்.

“சாப்பிடு. அந்த ரூம்ல உனக்கு என்ன அடுப்பு இருக்கு” என்றாள்.