முழுசாக வெளியே போகாத போல்ட்டுகள்

ஃபரீதா அக்கா இறந்த செய்தி வந்தபோது, அவர் வேண்டாமென்று ஒதுக்கிய போல்ட் பொட்டலம் என் மேசையில் இருந்தது. நந்தனத்தில் இருக்கும் எங்கள் அலுவலகம், சிறிய பயிற்சி விமானங்களுக்கு எஞ்சின் உதிரிபாகங்கள் வாங்கித் தருகிறது. வந்த பாகம் எஞ்சினுக்குள் போகலாமா என்று பார்த்துக் கையெழுத்திடுவது அக்காவின் வேலை. அவர் மருத்துவமனையில் இருந்ததால் அது என்னிடம் வந்திருந்தது. "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள் அவர் மகள். திறந்த பேனாவை மூடி வைத்தேன்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய ஆக்சா பிளேடு நினைவிருக்கும். நிராகரித்த போல்ட்டை மேசையில் பூட்டிய வைஸ் பிடிப்பானில் இறுக்கி, மரையின் குறுக்கே அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். "எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன். "முழுசா வெளிய போச்சுன்னா எவனாவது எடுத்து பாலிஷ் போட்டு, புது டப்பால அடைச்சு, நம்மகிட்டயே வித்துடுவான். நீயும் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெப்பே."

ஒவ்வொரு பாகத்துக்கும் அக்கா தயாரிப்புச் சான்றிதழ் கேட்பார். முதலாளி ஒருநாள் அதைக் கேலி செய்தார். "இன்னா மேடம், போல்ட்டுக்கு பர்த் சர்டிபிகேட்டா?"

"உங்க பையனுக்குப் பொண்ணு பாத்தப்போ ஜாதகம் கேட்டீங்கல்ல சார்? மூஞ்சி நல்லாருக்குன்னு விட்டுட்டீங்களா?"

முதலாளிதான் அதிகம் சிரித்தார்.

அந்தக் கடைசிப் பொட்டலத்தில் இருந்தவை, எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்து ஓடும் கனெக்டிங் ராடைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்; ஒன்று உடைந்தாலும் பறக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். அளவு சரி, தலையில் பொறித்த குறியும் சரி. கூடவே வந்த சான்றிதழில் இருந்த தயாரிப்புத் தொகுதி எண் மட்டும் பொட்டலத்தின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. பேக்கிங்கில் நடந்த தவறு என்றார் விற்றவர். அக்காவிடம் போனில் சொன்னேன். "நம்பர் மாறினா அது வேற போல்ட்டு. அப்படியே வெச்சிரு, நான் வந்து அறுக்கிறேன்" என்றார். குரல் தளர்ந்திருந்தது.

ராயப்பேட்டையில் அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டுத் திரும்பும்போது, காரில் முதலாளி, "தங்கமான மனுஷிம்மா. ஆனா கொஞ்சம் ஓவர். எஞ்சினப் பிரிச்சுப் போட்டு பிளேன் சும்மா நின்னுக்கினு கீது. புதுசு வரணும்னா எவ்ளோ நாள் ஆவும்? நீயாவது யோசி" என்றார். சில நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு.

மறுநாள் காலை ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் அளந்தேன். ஒன்றிலும் குறை இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வைஸில் வைத்து அறுத்தேன். சத்தம் கேட்டு வந்த முதலாளி வாசலில் சற்று நின்றுவிட்டுப் போனார்.

அக்காவின் பிளேடு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவருடைய உறுதி என்னிடம் இல்லை. அறுத்தவை நல்ல போல்ட்டுகளாகவே இருந்திருக்கலாம். அதை அறிய வழியில்லை என்பதே அறுப்பதற்கு அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. எனக்கோ, அதை அறிய வழியில்லை என்பதால்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.